மின்தடைக் காலத்தில் முகாம் அடுப்பு: இது மண்ணெண்ணெய் அல்ல

அவசரகால ஆயத்தம்: குடியிருப்பாளர்களுக்கான பாடம்

மின்சாரம் தடைப்படும் வேளையில் சமைப்பதற்கென முகாம் அடுப்பு ஒன்றை வாங்கி வைத்திருக்கும் குடும்பங்கள் எமது நகரில் பல உள்ளன. அவர்களது முன்யோசனைக்குக் காரணம் உண்டு. 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒன்ராறியோ மாகாணமும் ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களும் ஒரே மாலையில் இருளில் ஆழ்ந்தன. ஏறத்தாழ 5 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். 2013 டிசம்பரில் பெய்த உறைமழை மரக்கிளைகளையும் மின்கம்பிகளையும் முறித்து வீழ்த்தியபோது, ரொறன்ரோவில் மட்டும் ஏறத்தாழ 3 இலட்சம் மின் இணைப்புகள் துண்டிக்கப்பட்டன. சில வீடுகளுக்கு நத்தார் நாள் கடந்த பின்னரே மின்சாரம் திரும்பியது. 2022 மே 21 அன்று வீசிய பெரும் காற்றும் தென் ஒன்ராறியோவெங்கும் இதே நிலையை ஏற்படுத்தியது.

72 மணித்தியாலங்களுக்குத் தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும் ஆயத்தம் ஒவ்வொரு வீட்டிலும் இருத்தல் வேண்டும் என்பது கனடாவில் நெடுங்காலமாகத் தரப்படும் அறிவுரை. குழந்தைக்குப் பால் கரைக்கவும், முதியோருக்குக் கஞ்சி வைக்கவும் ஓர் அடுப்பு உதவும் என்பதில் ஐயமில்லை. எனினும் அவ்வடுப்பில் எரியும் திரவம் எத்தகையது என்பதை அறியாது அதனைக் கையாள்வது மின்தடையைக் காட்டிலும் பெரிய இடருக்கு வழிகோலும். இப்பாடம் அதனை விளக்குகிறது.

பழகிய எண்ணெயும் பழகாத எண்ணெயும்

எம்மில் பலருக்கு மண்ணெண்ணெய் புதியதன்று. திரி அடுப்பும், காற்றடித்து எரிக்கும் பம்பு அடுப்பும், திருவிழாக்களில் ஒளி தந்த பெற்றோமக்ஸ் விளக்கும் நாம் கண்டு வளர்ந்தவை. 1990களில் பொருளாதாரத் தடைக்கு உட்பட்டிருந்த யாழ்ப்பாணத்தில், சிறிய ஜாம் போத்தலில் சில துளி மண்ணெண்ணெய் விட்டுப் பிள்ளைகள் படித்ததை நினைவில் கொண்டோர் இன்று இந்நகரில் பெற்றோராகவும் பேரப்பிள்ளைகளைக் கண்டவராகவும் வாழ்கின்றனர். மண்ணெண்ணெயைப் போத்தலில் ஊற்றி வைத்தல், அடுப்பருகே நின்று நிரப்புதல், சிந்தியதைத் துணியால் துடைத்துவிட்டு உடனே தீக்குச்சி கிழித்தல் ஆகியவை அக்காலத்தில் கைகள் கற்றுக்கொண்ட பழக்கங்கள். அவையும் முற்றிலும் பாதுகாப்பானவை அல்ல. ஆயினும் மண்ணெண்ணெயின் இயல்பு பல வேளைகளில் நம்மைக் காத்தது.

இங்கு கடைகளில் 'முகாம் எரிபொருள்' என்றும் 'நப்தா' என்றும் 'வெள்ளை எரிபொருள்' என்றும் விற்கப்படும் திரவம் அவ்வாறு காக்காது. அது பெற்றோலின் குடும்பத்தைச் சேர்ந்தது. வாகனங்களுக்கான சேர்க்கைப் பொருள்கள் இன்றித் தூய்மையாக்கப்பட்டது. அதன் நிறம் தண்ணீரைப் போன்றது. தோற்றத்தில் மண்ணெண்ணெயை ஒத்திருப்பினும் இயல்பில் அதனின்று பெரிதும் வேறுபட்டது.

அவ்வேறுபாட்டை ஓர் எண்ணால் விளக்கலாம். ஒரு திரவத்தின் மேற்பரப்பிலிருந்து, ஒரு தீப்பொறியால் பற்றக்கூடிய அளவு ஆவி எழும் மிகக் குறைந்த வெப்பநிலையைத் தீப்பற்றுநிலை என்பர். மண்ணெண்ணெய்க்கு அது 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல். நப்தாவுக்கோ அது பூச்சியத்திற்குக் கீழே 18 பாகை அளவில், அல்லது அதனினும் கீழே அமைகிறது. அறையின் இயல்பான வெப்பத்தில் மண்ணெண்ணெய் எளிதில் பற்றாது. நப்தாவோ தை மாதக் குளிரிலும் எரியத்தக்க ஆவியை வெளியிட்டுக்கொண்டே இருக்கும்.

பம்பு அடுப்பைப் பற்றவைத்தவர்கள் இதனை அனுபவத்தால் உணர்வர். அவ்வடுப்பின் தலைப்பகுதியைச் சிறிது ஸ்பிரிட்டு ஊற்றி எரித்துச் சூடாக்கிய பின்னரே மண்ணெண்ணெய் ஆவியாகி நீலச் சுவாலையாக எரியும். நப்தா அடுப்புகள் பலவற்றுக்கு இவ்வாறு முன்சூடாக்கல் தேவையில்லை. காற்றை அடித்து, தீயைக் காட்டினால் உடனே எரியத் தொடங்கும். பயன்படுத்துவோர்க்கு வசதியாகத் தோன்றும் அதே இயல்புதான் ஆபத்துக்கும் காரணமாகிறது.

ஆவி செல்லும் வழி

நப்தாவின் ஆவி காற்றைக் காட்டிலும் பாரமானது. அது மேலெழுந்து கலைந்து போவதில்லை. தண்ணீரைப் போலத் தரையோடு படர்ந்து தாழ்வான இடத்தை நாடும். கண்ணுக்குப் புலப்படாது.

எமது வீடுகளின் அமைப்பை எண்ணிப் பாருங்கள். வீட்டைச் சூடாக்கும் உலையும், எரிவாயுவால் இயங்கும் தண்ணீர்ச் சூடாக்கியும் பெரும்பாலும் நிலக்கீழ்த் தளத்திலேயே உள்ளன. கராஜிலோ, படிக்கட்டின் அருகிலோ எரிபொருளைச் சிந்தினால், அதன் ஆவி படிகளின் வழியே கீழிறங்கி அச்சாதனங்களின் சுவாலையை அடைய முடியும். அங்கு பற்றும் தீ, ஆவி வந்த வழியே திரும்பி, எரிபொருள் வைத்திருப்பவரின் கைவரை வந்து சேரும். சாமி அறையில் ஏற்றிய குத்துவிளக்கு, மின்தடையின்போது மேசையில் வைத்த மெழுகுதிரி, புகைக்கும் சிகரெட்டு, குளிர்சாதனப் பெட்டியின் மின்பொறி ஆகிய எதுவும் இதற்குப் போதுமானது.

ஆகவே முதல் விதி இது: நப்தாக் கொள்கலனின் மூடி வீட்டுக்குள்ளும் கராஜுக்குள்ளும் ஒருபோதும் திறக்கப்படலாகாது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

அடுப்புடன் வரும் கையேட்டில் எந்த எரிபொருள் குறிப்பிடப்பட்டுள்ளதோ அதனை மட்டுமே வாங்குங்கள். சில அடுப்புகள் நப்தாவை மட்டும் ஏற்பவை. சில ஈயமற்ற பெற்றோலையும் ஏற்கும். வேறு சில மண்ணெண்ணெய்க்கென அமைந்தவை. மண்ணெண்ணெய் அடுப்பிலோ, மண்ணெண்ணெய் விளக்கிலோ, மண்ணெண்ணெய்ச் சூடாக்கியிலோ நப்தாவை ஊற்றுவது வெடிப்புக்கும் பெருந்தீக்கும் வழிவகுக்கும். 'இரண்டும் எண்ணெய்தானே' என்ற எண்ணமே இங்கு மிகப் பெரிய பகை.

கொள்கலனில் உள்ள அடையாளங்களையும் அறிந்துகொள்ளுங்கள். கனடாவில் வீட்டுப் பாவனைக்கு விற்கப்படும் இரசாயனப் பொருள்களில் எண்கோணச் சட்டத்துள் அமைந்த குறியீடு, உள்ளிருக்கும் பொருள் ஆபத்தானது என்பதைக் குறிக்கும். முக்கோணச் சட்டம், கொள்கலனே ஆபத்தானது என்பதைக் குறிக்கும். சட்டத்துள் சுவாலை வரையப்பட்டிருப்பின் அது எளிதில் தீப்பற்றும் பொருள். மண்டையோடு வரையப்பட்டிருப்பின் அது நஞ்சு. ஆங்கிலம் வாசிக்க இயலாத முதியோருக்கும் இவ்வுருவங்களைக் காட்டி விளக்குங்கள்.

தேவைக்கு மேல் வாங்காதீர்கள். இரு சுவாலைகள் கொண்ட அடுப்பொன்று, முழு வேகத்தில் எரிந்தால், ஒருமுறை நிரப்பிய எரிபொருளில் ஏறத்தாழ 2 மணித்தியாலம் எரியும். ஏறத்தாழ 4 லீற்றர் கொள்ளும் தகரக் கொள்கலன் ஒன்றைக் கொண்டு இரண்டு அல்லது மூன்று முறை நிரப்பலாம். மூன்று நாள்களுக்கு எளிய உணவு சமைக்கவும் தண்ணீர் கொதிக்கவைக்கவும் ஒரு குடும்பத்திற்கு இவ்வொரு கொள்கலன் போதும்.

நிரப்பும் முறை

1. அடுப்பை அணைத்து, கைக்கு முற்றிலும் குளிர்ந்த பின்னரே நிரப்புங்கள். சமையல் நடுவில் எரிபொருள் தீர்ந்தால் பசித்திருப்போரைச் சற்றுக் காத்திருக்கச் சொல்லுங்கள். சூடான அடுப்பில் எரிபொருள் ஊற்றுவதால் நேரும் தீக்காயங்கள் நொடிப்பொழுதில் நேர்பவை.

2. வெளியே, திறந்தவெளியில், சமமான இடத்தில் நிரப்புங்கள். சுவாலையோ, புகைப்பிடிப்பவரோ, விளையாடும் பிள்ளைகளோ அருகில் இருத்தலாகாது. வெளிச்சத்திற்கு மின்கலத்தால் இயங்கும் கைவிளக்கைப் பயன்படுத்துங்கள். இயன்றவரை பகலிலேயே நிரப்பிவிடுங்கள்.

3. புனலைப் பயன்படுத்துங்கள். குறிக்கப்பட்ட மட்டத்திற்கு மேல் நிரப்பாதீர்கள். தொட்டியின் மேற்பகுதியில் காற்றுக்கு இடம் இருந்தால்தான் அழுத்தம் சீராக அமையும்.

4. அடுப்புத் தொட்டியின் மூடியையும் கொள்கலனின் மூடியையும் இறுக மூடுங்கள். கொள்கலனை அடுப்பிலிருந்து தூரமாகக் கொண்டுபோய் வையுங்கள்.

5. சிந்தியிருந்தால் துடையுங்கள். பின்னர் அடுப்பைச் சிந்திய இடத்திலிருந்து சில மீற்றர் அப்பால் எடுத்துச் சென்று, ஆவி கலையும்வரை பொறுத்திருங்கள். உடையில் சிந்தியிருந்தால் உடையை மாற்றிய பின்னரே தீயை அணுகுங்கள். நனைந்த துணியை வீட்டுக்குள் கொண்டுவராது வெளியே உலரவிடுங்கள்.

கடுங்குளிரில் கையுறை அணிந்திருங்கள். வெளியே குளிர்ந்திருக்கும் நப்தா வெறுந்தோலில் பட்டால், அது ஆவியாகும்போது தோலின் வெப்பத்தையும் கவர்ந்து, உறைபனிக் காயத்தை உண்டாக்கக்கூடும்.

பற்றவைக்கும் முறை

அடுப்பை உறுதியான, எரியாத தளத்தில் வையுங்கள். பனியின் மேல் நேரே வைத்தால் வெப்பத்தால் பனி உருகி அடுப்பு சரியும். கற்பலகை ஒன்றை அடியில் இடுங்கள். கையேட்டில் கூறிய அளவு காற்றை அடியுங்கள். முகத்தை அடுப்புக்கு மேல் நீட்டாது, முதலில் தீயைச் சுவாலைத் தட்டருகே கொண்டு சென்று, அதன் பின்னர் திருகியைத் திறவுங்கள். திருகியை முதலில் திறந்துவிட்டுத் தீப்பெட்டியைத் தேடினால் அதற்குள் ஆவி திரண்டுவிடும்.

தொடக்கத்தில் மஞ்சள் நிறத்தில் சுவாலை உயர்வது உண்டு. எரிபொருளை ஆவியாக்கும் குழாய் சூடேறியதும் அது அடங்கி நீலமாகும். நீங்காது மஞ்சளாகவே எரிந்தாலோ, இணைப்புகளில் ஈரம் தெரிந்தாலோ அடுப்பை அணைத்துவிடுங்கள். பொருத்துகளில் தேய்வு, பிளவு உண்டா என்பதை ஆண்டுக்கு ஒருமுறையேனும், மின்தடைக்கு முன்னரே, கோடைகாலப் பகலொன்றில் வெளியே எரித்துப் பார்த்து அறிந்துகொள்ளுங்கள். இருளிலும் பதற்றத்திலும் முதன்முறையாக அடுப்பைப் பழகுவது தகாது.

யன்னலைத் திறந்தால் போதுமா?

போதாது. இவ்வினாவுக்கு இவ்வளவு உறுதியாக விடை கூறுவதற்குக் காரணம் கார்பன் மோனொக்சைட்டு என்னும் வாயு. எரிபொருள் எரியுமிடமெல்லாம் அது தோன்றக்கூடும். அதற்கு நிறமோ மணமோ இல்லை. குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் பொருளுடன், ஒட்சிசனைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக அது பிணைகிறது. அதனால் மூச்சு இயங்கிக்கொண்டிருக்கும்போதே உடல் ஒட்சிசனின்றி வாடுகிறது.

தலைவலி, தலைச்சுற்று, குமட்டல், சோர்வு ஆகியவை இதன் தொடக்க அறிகுறிகள். காய்ச்சல் இன்றிச் சளிச்சுரம் போன்று தோன்றும் இவ்வறிகுறிகளைக் குளிரின் விளைவெனக் கருதிப் போர்த்துக்கொண்டு படுத்தவர் மீண்டும் எழாமற் போகலாம். ஒரே வீட்டில் பலருக்கும் ஒரே வேளையில் தலைவலி ஏற்பட்டால் அதனை எச்சரிக்கையாகவே கொள்ளுங்கள்.

எமது தாயகத்துச் சமையலறைகளில் புகைபோக்கியும், ஓட்டு இடுக்குகளும், எந்நேரமும் திறந்திருந்த கதவும் இருந்தன. இங்குள்ள வீடுகளோ குளிர் புகாதவாறு இறுக அடைக்கப்பட்டவை. குளிர்காலத்தில் ஒரு யன்னலைச் சிறிது திறந்து வைப்பது இவ்வாயுவை வெளியேற்றப் போதுமானதன்று. கதவு திறந்த கராஜும், கூரையிட்டு அடைத்த பின்முற்றமும், நிலக்கீழ்த் தளமும் பாதுகாப்பானவை அல்ல.

அடுப்பைத் திறந்தவெளியில், கதவுகளிலிருந்தும் யன்னல்களிலிருந்தும் காற்றுத் துவாரங்களிலிருந்தும் குறைந்தது 6 மீற்றர் தூரத்தில் வையுங்கள். அதனினும் தூரம் இயலுமாயின் மேலும் நன்று. அடுப்பை எக்காரணம் கொண்டும் அறையைச் சூடாக்கப் பயன்படுத்தாதீர்கள். கரி அடுப்புக்கும், சிறிய வாயுக்குடுவை அடுப்புக்கும், மின்பிறப்பாக்கிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

ஒன்ராறியோவில், எரிபொருளால் இயங்கும் சாதனமோ இணைந்த கராஜோ உள்ள வீடுகளில் கார்பன் மோனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவி இருத்தல் வேண்டும் என்பது 2014 ஒக்ரோபர் முதல் சட்டம். உங்கள் கருவி சுவரிலுள்ள மின்சாரத்தால் மட்டும் இயங்குவதாயின், மிகவும் தேவைப்படும் மின்தடை வேளையில் அது ஊமையாகிவிடும். மின்கலமும் பொருத்தப்பட்ட கருவியையே வைத்திருங்கள்.

அடுக்குமாடிகளில் வாழ்வோருக்கு

அடுக்குமாடி வீட்டிலும் அதன் பல்கணியிலும் நப்தா அடுப்பை எரிக்கவோ, எரிபொருளைச் சேமிக்கவோ கூடாது. கீழ்வீட்டிலும் மேல்வீட்டிலும் வாழ்பவரது பாதுகாப்பும் இதில் அடங்கியுள்ளது. அடுக்குமாடிக் குடும்பங்களுக்கு நாம் பரிந்துரைப்பது அடுப்பின்றி உண்ணக்கூடிய மூன்று நாள் உணவு.

எமது உணவு மரபு இதற்கு நன்கு உதவும். அவல் குளிர்ந்த நீரிலேயே ஊறி மென்மையாகும். சத்துமாவைச் சீனியும் நீரும் சேர்த்துக் குழைத்து உண்ணலாம். பயற்றம் உருண்டை, எள்ளுருண்டை, பேரீச்சம்பழம், வேர்க்கடலை, பாண், பிஸ்கட்டு, தகரத்தில் அடைத்த மீனும் பயறுவகைகளும் கெடாது நிற்பவை. புயல் எச்சரிக்கை வந்தவுடன் வெந்நீர்க் குடுவைகளை நிரப்பி வைத்தால் முதல் நாளின் தேநீருக்கும் குழந்தையின் பாலுக்கும் உதவும். குழந்தைகளுக்கு உடனே பருகத்தக்க திரவப் பாலுணவையும் வாங்கி வைக்கலாம்.

சேமித்தலும் அகற்றலும்

எரிபொருளை அது விற்கப்பட்ட கொள்கலனிலேயே வையுங்கள். தண்ணீர்ப் போத்தலிலோ, குளிர்பானப் போத்தலிலோ ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள். நிறமற்ற இத்திரவத்தைத் தண்ணீர் எனக் கருதிப் பிள்ளையொன்று ஒரு மிடறு பருகினாலும், அது நுரையீரலுள் சென்று உயிருக்கே தீங்கு செய்யும்.

வீட்டிலிருந்து பிரிந்து நிற்கும், காற்றோட்டமுள்ள, பூட்டப்பட்ட கொட்டகையே அதனை வைக்க ஏற்ற இடம். வெயில் படாமலும் ஈரத்தால் தகரம் துருப்பிடிக்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். வாகனத்தின் பின்பெட்டியில் விட்டுவைக்காதீர்கள். வாங்கிய நாளைக் கொள்கலனில் எழுதுங்கள். திறந்த எரிபொருளை ஓராண்டுக்குள் பயன்படுத்தி முடிப்பது நன்று.

மிஞ்சிய எரிபொருளை வடிகாலிலோ, மண்ணிலோ, குப்பைத் தொட்டியிலோ ஊற்றலாகாது. வீட்டு அபாயக் கழிவுகளை ஏற்கும் நிலையத்தில், மூடிய கொள்கலனோடு ஒப்படையுங்கள். வெறுமையான கொள்கலனிலும் ஆவி எஞ்சியிருக்கும். அதனையும் அவ்வாறே ஒப்படையுங்கள்.

விபத்து நேர்ந்தால்

தீப்பற்றினால்: எரியும் திரவத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், எரிபொருள் நீரின் மேல் மிதந்து தீயைப் பரப்பும். எரியும் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அருகில் முன்னரே வைத்துள்ள ஏபிசி வகைத் தீயணைப்பானைப் பயன்படுத்துங்கள். தீ அடங்காவிடின் அனைவரையும் அகற்றி 911 இலக்கத்தை அழையுங்கள்.

உடையில் தீப்பற்றினால்: ஓடாது நின்று, நிலத்தில் படுத்து, முகத்தைக் கைகளால் மூடி உருளுங்கள். சேலை, வேட்டி, சால்வை, நைலோன் மேலாடை ஆகியவற்றுடன் அடுப்பை அணுகாதிருப்பதே நன்று. தீக்காயத்தின் மேல் குளிர்ந்த குழாய்நீரைப் பாயவிடுங்கள். மஞ்சள், பற்பசை, எண்ணெய் ஆகியவற்றைப் பூசாதீர்கள்.

விழுங்கிவிட்டால்: வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். நச்சுத் தகவல் நிலையத்தை 1-844-764-7669 என்ற இலக்கத்தில் அழையுங்கள். மூச்சுத் திணறலோ மயக்கமோ இருந்தால் 911 இலக்கத்தை அழையுங்கள்.

எச்சரிக்கைக் கருவி ஒலித்தால்: அனைவரும் உடனே வெளியேறி, வெளியிலிருந்து 911 இலக்கத்தை அழையுங்கள். தீயணைப்புச் சேவையினர் அனுமதிக்கும்வரை உள்ளே செல்லாதீர்கள். ஆங்கிலம் பேச இயலாதவர் தமது முகவரியையும் 'தமிழ்' என்ற சொல்லையும் கூறி உரைபெயர்ப்பாளரைக் கேட்கலாம். வீட்டிலுள்ள முதியோருக்கு முகவரியைக் கூறப் பழக்கிவையுங்கள்.

கற்றதைச் சரிபார்ப்போம்

குடும்பத்தினர் கூடியிருக்கும் வேளையில் இவ்வினாக்களை ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள்.

1. கராஜின் கதவு முழுதும் திறந்துள்ளது, வெளியே உறைமழை. அங்கு அடுப்பை எரிக்கலாமா?
விடை: கூடாது. மழை ஓயும்வரை சமைக்காத உணவை உண்ணுங்கள்.

2. சோறு பாதி வெந்த நிலையில் எரிபொருள் தீர்ந்துவிட்டது. என்ன செய்வது?
விடை: அடுப்பை அணைத்து, பானையை மூடிவைத்து, அடுப்பு முற்றிலும் குளிர்ந்த பின்னர் வெளியிலேயே நிரப்புங்கள்.

3. அயலவரிடம் மண்ணெண்ணெய்ச் சூடாக்கி உள்ளது. அவர் உங்களிடம் சிறிது நப்தா கேட்கிறார். கொடுக்கலாமா?
விடை: கொடுக்கலாகாது. காரணத்தையும் விளக்குங்கள். அவரைக் குடும்பத்தோடு உங்கள் வீட்டிற்கு அழைப்பதே தக்க உதவி.

4. சமையலறையில் அடுப்பு எரிகிறது. அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் தலைவலி. முதலில் செய்ய வேண்டியது எது?
விடை: அனைவரையும் வெளியே கொண்டுவருதல். அடுப்பை அணைக்கவோ பொருள்களை எடுக்கவோ காலம் தாழ்த்தாது வெளியேறி, 911 இலக்கத்தை அழையுங்கள்.

மின்தடைக் காலத்தில் திறக்கப்படும் சூடான தங்குமிடங்கள், உணவு உதவி ஆகியவை பற்றி அறிய 211 இலக்கத்தை அழைக்கலாம். அடுப்பை எரிக்கப் பாதுகாப்பான இடம் இல்லாதோர் அச்சேவைகளை நாடத் தயங்க வேண்டியதில்லை.